கையில் இருக்கும் காசுக்குள் பழைய வீட்டைப் புதுப்பிக்க: மொட்டை மாடியிலிருந்து திரைச்சீலை வரை

25, 30 வருடத்துக்கு முன் கட்டிய 600–800 சதுர அடி கான்கிரீட் வீடு தமிழ்நாட்டில் தெருவுக்குப் பத்தாவது இருக்கும். கூரையில் ஒரு மூலையில் மஞ்சள் கறை, படுக்கையறைச் சுவரில் முட்டி உயரத்துக்கு உப்பு, சமையலறையில் எண்ணெய்ப் பிசுக்கு, பூட்டினால் பூட்டாத குளியலறைக் கதவு. இப்படிப்பட்ட வீட்டைச் சிறிய தொகையில் சரி செய்வதுதான் இந்த வழிகாட்டி.

பெரும்பாலோர் பெயிண்ட் கடையில் வண்ண அட்டையைப் புரட்டுவதில் தொடங்குகிறார்கள். பணம் வீணாவது அங்கேதான். ஈரம் இருக்கும் சுவரில் எவ்வளவு விலையுள்ள பெயிண்ட் அடித்தாலும் அடுத்த ஐப்பசி மழைக்குள் உரிந்துவிடும். வேலை மேலிருந்து கீழே, வெளியிலிருந்து உள்ளே வர வேண்டும்: மொட்டை மாடி, வெளிச்சுவர், குழாய், வயரிங், பூச்சு, தரை, பெயிண்ட், கடைசியில் அலங்காரம். இந்த வரிசையை மாற்றினால் ஒரே சுவருக்கு இரண்டு முறை காசு கொடுப்பீர்கள்.

பணத்தைப் பிரிப்பது

மொத்தத் தொகையை 100 என்று வைத்துக்கொண்டால் தண்ணீர் ஒழுகலுக்கும் பூச்சு வேலைக்கும் 35, மின்சாரத்துக்கும் குழாய்க்கும் 15, பட்டி (சுவரை வழவழப்பாக்கும் மாவுப் பூச்சு), பெயிண்டுக்கு 25, திரை, விளக்கு, அலமாரி போன்றவற்றுக்கு 10. மீதி 15-ஐத் தொடாதீர்கள். சுவரைத் தட்டினால் எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்கு பூச்சு கீழே விழும். அதற்கான பணம் அது. ஒழுகலே இல்லாத வீடு என்றால் முதல் பங்கில் பாதியைத் தரைக்கோ சமையலறைக்கோ திருப்பலாம்.

காலமும் செலவுதான். மாடி வேலைக்கு மாசி முதல் சித்திரை வரை சரியான நேரம். தளம் முழுதாகக் காய்ந்திருக்கும். மார்கழியில் பொங்கலுக்காக ஊரே வெள்ளையடிக்கும், பெயிண்டர் கிடைக்க மாட்டார், கிடைத்தாலும் அவசர வேலைதான் நடக்கும். தை பிறந்த பிறகு கூப்பிட்டால் அதே ஆள் நிதானமாக வருவார்.

மொட்டை மாடி

முதலில் ஒழுகல் எங்கே என்று கண்டுபிடியுங்கள். மழைநீர்க் குழாயின் வாயைத் துணியால் இறுக்கி அடைத்து, மாடியில் 1 அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விடுங்கள். கீழே கறை பெரிதானால் தளத்தில் கசிவு. பெரிதாகாவிட்டால் கைப்பிடிச் சுவர், தண்ணீர்த் தொட்டியின் அடி, தொட்டி நிரம்பி வழியும் குழாய் ஆகியவற்றைப் பாருங்கள். கூரைக் கறைகளில் கணிசமானவை தளத்தால் வருபவை அல்ல, தொட்டியைச் சுற்றி வருபவை. மரச்சட்டத்தின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டிய மெட்ராஸ் டெரஸ் கூரை என்றால் இந்தச் சோதனை வேண்டாம். சட்டம் இற்றுப்போயிருந்தால் ஆபத்து.

தட்டு ஓடு பதித்த மாடியில் ஓடு உடைவது குறைவு, ஓடுகளுக்கு இடையிலான சந்துதான் பிளக்கும். முழு ஓட்டையும் பெயர்த்துப் புதிதாகப் பதிக்கச் சொல்வார்கள். ஓடு தட்டினால் ‘டொக் டொக்’ என்று வெற்றுச் சத்தம் கேட்கும் இடம் கொஞ்சமாக இருந்தால் அதற்கு அவசியமில்லை. செய்ய வேண்டியது:

1. பாசியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவிடுங்கள்.
2. சந்துகளில் உதிரும் பழைய கலவையைக் கால் அங்குல ஆழத்துக்குச் சுரண்டி எடுங்கள். தூசி இருந்தால் எதுவும் ஒட்டாது.
3. சிமெண்ட்டோடு எஸ்பிஆர் லேட்டக்ஸ் திரவம் (ஒட்டும் வலுவைக் கூட்டும் பால் போன்ற திரவம்) கலந்து சந்துகளில் அழுத்தி நிரப்புங்கள்.
4. தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையில் 1:3 சிமெண்ட்–மணல் கலவையை 3–4 அங்குலத்துக்குச் சரிவாகப் பூசி மூலையை மழுக்குங்கள். தண்ணீர் தேங்கி உள்ளே இறங்குவது பெரும்பாலும் இந்த மூலையில்தான்.
5. நீர்க்காப்புப் பூச்சை இரண்டு கோட், ஒன்றுக்கொன்று குறுக்காக அடியுங்கள். மூலையிலும் விரிசலிலும் முதல் கோட் ஈரமாக இருக்கும்போதே கண்ணாடி இழை வலையைப் பதித்துவிட வேண்டும்.

டப்பாவில் போட்டிருக்கும் பரப்பளவைத் தாண்டி இழுக்காதீர்கள். தண்ணீர் கலந்து இரண்டு மடங்கு இடத்தில் அடித்தால் படலம் மெலிந்து ஒரே கோடையில் பாளம் பாளமாக எழும்பும். பிறகு பொருள் மோசம் என்று பழி போடுவோம்.

சுவரில் ஆல், அரசு முளைத்திருந்தால் தண்டை வெட்டுவது வீண், மறுபடி தழைக்கும். வேர் போன வழியெல்லாம் கலவையைத் தட்டி, வேரை உருவி எடுத்த பிறகே அடைக்க வேண்டும்.

ஒழுகல் இல்லை, வெப்பம்தான் தொல்லை என்றால் மாடிக்குச் சுண்ணாம்பு போதும். கிளிஞ்சல் சுண்ணாம்பை ஒரு கிலோவுக்கு 5 லிட்டர் தண்ணீர் என்ற கணக்கில் ஊறவைத்து, மறுநாள் துணியில் வடிகட்டி, கொஞ்சம் வெள்ளைப் பசை சேர்த்து இரண்டு மூன்று கோட் அடித்தால் அந்தக் கோடைக்கு அறை தணியும். வருடா வருடம் அடிக்க வேண்டிவரும். நீற்றாத சுண்ணாம்பு தண்ணீர் பட்டதும் கொதிக்கும். கண்ணுக்குக் கண்ணாடி போடாமல், பிளாஸ்டிக் வாளியில், குழந்தைகள் பக்கத்தில் இதைச் செய்யக் கூடாது.

ஓதம் ஏறும் சுவர்

தரையிலிருந்து 3 அடி உயரம் வரை உப்புப் பூத்து, பூச்சு பொரிந்து உதிர்ந்தால் அது ஓதம். மண்ணிலிருக்கும் ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறி, சுவரின் முகத்தில் ஆவியாகி, கூட வந்த உப்பை அங்கேயே விட்டுச் செல்கிறது. அந்த உப்புதான் பெயிண்டைத் தள்ளுகிறது.

ஓதமா, வெறும் காற்றின் ஈரமா என்று தெரிய, ஒரு சதுர அடி பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் உட்புறம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்புறம் வியர்த்திருந்தால் அறைக்குக் காற்றோட்டம் போதவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்தாலே பாதி தீரும்.

ஓதம் என்றால் முதலில் வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். தெருவை உயர்த்தி, தோட்டத்து மண்ணைக் குவித்து, அடித்தளத்தைத் தாண்டி மண் ஏறியிருக்கும். துணி துவைக்கும் குழாய் அந்தச் சுவரை ஒட்டியே இருக்கும். மண்ணை இறக்கி, சுவரிலிருந்து விலகித் தண்ணீர் ஓட 2 அடி அகலத்துக்குச் சரிவாகத் தளம் போடுவது உள்ளே செய்யும் எந்த வேலையையும்விட மலிவு. அதை முடித்துவிட்டு உள்ளே வாருங்கள்.

ஈரக்கோட்டுக்கு ஓர் அடி மேலேவரை பூச்சைச் செங்கல் தெரியும்வரை தட்டி எடுங்கள். இரண்டு மூன்று வாரம் அப்படியே காயட்டும். இதைத்தான் யாரும் பொறுக்க மாட்டார்கள். வெளியே வரும் உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டிக் கூட்டி அள்ளுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி செங்கல்லுக்குள் போய்விடும். பிறகு 1:4 கலவையில், ஒரு மூட்டை சிமெண்ட்டுக்கு 200 மில்லி நீர்க்காப்புத் திரவம் சேர்த்து 12 மில்லிமீட்டர் பூசுங்கள். 100 சதுர அடிக்கு ஒரு மூட்டை சிமெண்ட்டும் 5 கன அடி பி-சாண்டும் (பூச்சுக்கான செயற்கை மணல்) வரும். 7 நாள் தண்ணீர் தெளித்து நீராற்ற வேண்டும். அதன்பின் 28 நாள் ஆகாமல் பெயிண்ட் வேண்டாம்; புதுச் சிமெண்ட்டின் காரம் நிறத்தைத் திட்டுத் திட்டாக வெளுக்கும்.

ஓதச் சுவரை டைல்ஸ் ஒட்டி மறைத்துவிடலாம் என்று யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். கீழே ஆவியாக வழியில்லாத ஈரம் டைல்ஸுக்கு மேலே ஏறி, 3 அடியில் இருந்த கறை 5 அடிக்குப் போகும். எவ்வளவு செய்தும் ஈரம் நிற்கவில்லை என்றால் அடிச்சுவரில் துளையிட்டு ரசாயனம் செலுத்தித் தடுப்பு உண்டாக்கும் முறை இருக்கிறது, செலவு அதிகம். அதற்கு வசதி வரும்வரை அந்த 3 அடிக்குப் பட்டியும் பிளாஸ்டிக் பெயிண்டும் தவிர்த்துச் சுண்ணாம்பு அடியுங்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், பொரிந்தாலும் மறுபடி அடிக்கச் செலவில்லை. சுண்ணாம்புக் காரையில் கட்டிய செட்டிநாட்டு வீடுகள் போன்ற பழைய கட்டடங்களுக்கு முழுவதுமே இந்த விதிதான்.

கூரையில் காரை பெயர்ந்து கம்பி தெரிந்தால்? தளர்ந்த கான்கிரீட்டைத் தட்டி, கம்பியின் துருவைத் தேய்த்தெடுத்து, துருத் தடுப்பு பூசி, லேட்டக்ஸ் கலந்த கலவையால் மூடலாம். ஆனால் கம்பி பாதியாக மெலிந்திருந்தாலோ, பெயர்ந்த இடம் உத்திரமாக இருந்தாலோ கொத்தனாரின் தைரியத்தை நம்பாமல் கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். சுவரில் கதவு மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். சில மாதத்தில் கோட்டைத் தாண்டினால் அதற்கும் அவரேதான்.

குழாயும் வயரும்

சுவரை உடைக்கும் வேலை எதுவானாலும் பூச்சுக்கு முன்பே முடிய வேண்டும். குளியலறைத் தரை கசிகிறதா என்று பார்க்க, நீர்ப்போக்கு வாயை அடைத்து 2 அங்குலம் தண்ணீர் நிறுத்தி ஒரு நாள் விடுங்கள். மட்டம் சட்டென்று இறங்கினால் பெரும்பாலும் நாணி டிராப்பை (நீர்ப்போக்கு வாய்க்குக் கீழே இருக்கும் கிண்ணம்) சுற்றியுள்ள இணைப்பில் கோளாறு. டைல்ஸ் முழுவதையும் உடைக்காமல் அதைச் சுற்றி மட்டும் உடைத்துச் சரிசெய்து, மற்ற சந்துகளுக்கு எபாக்ஸி குரௌட் (தண்ணீர் இறங்காத சந்து நிரப்பி) போட்டுப் பாருங்கள்.

வயரிங்கில் மிச்சம் பிடிக்க வேண்டாம். பழைய வீட்டில் அலுமினிய வயர், எர்த் இல்லாத பிளக், பீங்கான் கட்–அவுட் (பழைய ஃபியூஸ்) இருக்கும். விளக்குக்கு 1.5, பவர் பிளக்குக்கு 2.5, ஏசிக்கும் வாட்டர் ஹீட்டருக்கும் 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், ஒவ்வோர் இணைப்புக்கும் தனி எம்சிபி (மின்சாரம் அளவுக்கு மீறினால் தானே அணையும் சுவிட்ச்), மொத்தத்துக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்). உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டும். சிக்கனம் பிடிக்க நினைத்தால் அலங்கார சுவிட்ச் தகடுகளில் பிடியுங்கள். சுவரை மூடுமுன் குழாய், வயர் போகும் வழியை அளவுநாடா வைத்து செல்போனில் படம் எடுத்து வைத்தால், பின்னாளில் ஆணி அடிக்கும்போது பயம் இருக்காது.

தரை

மொசைக் தரை மங்கிவிட்டது என்பதற்காக அதன்மேல் டைல்ஸ் போடுவது வீட்டிலேயே பெரிய வீண்செலவு. மெஷின் வைத்து கரடுமுரடான கல்லில் தொடங்கிப் படிப்படியாக நைசான கல்லுக்கு வந்து, கடைசியில் ஆக்ஸாலிக் பவுடர் போட்டுப் பாலிஷ் செய்தால் செலவு டைல்ஸுக்கு ஆவதில் சிறு பகுதிதான். தூசியும் சேறும் சுவரெல்லாம் தெறிக்கும். ஆகவே பெயிண்டுக்கு முன். ரெட் ஆக்சைடு தரைக்கு இதுவும் வேண்டாம், நன்றாகத் தேய்த்துக் கழுவி, காய்ந்தபின் மெழுகு போட்டாலே மினுங்கும்.

டைல்ஸ்மேல் டைல்ஸ் ஒட்டுவது ஆகக்கூடியதே. பழைய டைல்ஸை நாணயத்தால் தட்டி வெற்றுச் சத்தம் வருவதை முதலில் பெயர்த்தெடுங்கள். ஒட்ட சிமெண்ட் பால் கூடாது, டைல்ஸ்மேல் டைல்ஸுக்கென்று விற்கும் பசைதான். தரை அரை அங்குலம் உயரும்; எல்லாக் கதவின் அடியையும் இழைக்க வேண்டும், குளியலறைப் படியின் உயரத்தையும் முன்கூட்டியே பாருங்கள். அளவுக்கு மேல் 10 சதவீதம், ஒரே லாட் எண்ணில் வாங்குங்கள். ஒரு பெட்டியைப் பரணில் போட்டு வையுங்கள். அடுத்த வருடம் அதே நிறம் கிடைக்காது.

பட்டியும் பெயிண்டும்

10க்கு 12 அடி அறை, 10 அடி உயரம் என்று கணக்கைப் போடுவோம். சுவர் 440 சதுர அடி. ஒரு கதவு 21, ஒரு ஜன்னல் 16 கழித்தால் 403. கூரை 120. பெயிண்டர் கதவு ஜன்னலைக் கழிக்காமல் அளப்பது வழக்கம். அதைப் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

டப்பாவில் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 100 சதுர அடிக்கு மேல் அச்சடித்திருக்கும். அது வழவழப்பான சுவருக்கு. பழைய சுவருக்கு 80 என்று வையுங்கள்: சுவருக்கு 5 லிட்டர், கூரைக்கு ஒன்றரை லிட்டர். பிரைமர் சுமார் 5 லிட்டர். வெள்ளை சிமெண்ட் பட்டி 40 கிலோ மூட்டை இரண்டு கோட்டில் 400–500 சதுர அடிக்கு வரும். எல்லா அறையின் கூரைக்கும் ஒரே வெள்ளை என்று வைத்து 20 லிட்டர் வாளியாக வாங்கினால் லிட்டர் விலை குறையும். அடர்நிறம் விலை கூட, பல சமயம் மூன்றாவது கோட்டும் கேட்கும்.

எல்லாச் சுவருக்கும் பட்டி தேவையில்லை. விருந்தினர் உட்காரும் ஹாலுக்கு இரண்டு கோட் போட்டுவிட்டு, மற்ற அறைகளில் பள்ளத்தையும் விரிசலையும் மட்டும் நிரப்பி, மேட் பெயிண்ட் அடியுங்கள். பளபளப்புள்ள பெயிண்ட் சுவரின் ஒவ்வொரு மேடுபள்ளத்தையும் காட்டிக்கொடுக்கும், மேட் மறைக்கும். எண்ணிப் பார்த்தால் மிகப் பெரிய சேமிப்பு இதில்தான்.

வேலை நடக்க வேண்டிய விதம்: பழைய சுவரை உள்ளங்கையால் தேயுங்கள். வெள்ளைப் பொடி ஒட்டினால் அது சுண்ணாம்பு அல்லது டிஸ்டெம்பர். தண்ணீர் தெளித்துப் பட்டித் தகட்டால் சுரண்டி முழுதாக எடுக்க வேண்டும். பொடியின்மேல் அடித்த பெயிண்ட் பொடியோடு சேர்ந்து உரியும். விரிசலை ‘வி’ வடிவில் கொத்தி, தூசி தட்டி, விரிசல் நிரப்பியால் அடையுங்கள். சுவரை லேசாக நனைத்தபின் முதல் பட்டிக் கோட், ஆறேழு மணி நேரம் கழித்துக் குறுக்காக இரண்டாவது. இரண்டும் சேர்ந்து ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, தடிமனாகப் போட்டால் வெடிக்கும். கரைத்த பட்டியை 2 மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். இறுகியதில் மறுபடி தண்ணீர் ஊற்றிப் பூசினால் பின்னால் பொடியாக உதிரும். மறுநாள் 180, பிறகு 320 எண் உப்புத்தாள். தேய்த்த தூசியை ஈரத்துணியால் துடைத்தபின் பிரைமர் ஒரு கோட், காய்ந்ததும் நிறம் இரண்டு கோட், நடுவில் 4 மணி நேரம் இடைவெளி.

வாளிக்குள் பெயிண்டருக்கான டோக்கன் (கொடுத்தால் காசு கிடைக்கும் சீட்டு) இருக்கும். அதற்காகவே சிலர் ஒரே கம்பெனியை வற்புறுத்துவதும், அளவைக் கூட்டிச் சொல்வதும் உண்டு. பெயிண்டை நீங்களே வாங்குங்கள், டோக்கனை அவரே எடுத்துக்கொள்ளட்டும், ஆனால் வாளி உங்கள் கண் முன்னால் திறக்கட்டும். தண்ணீர் கலக்கும் அளவை டப்பாவில் உள்ளபடி அளந்து ஊற்றச் சொல்லுங்கள். கூலியைச் சதுர அடிக்குப் பேசி, சுரண்டல், பட்டி, பிரைமர், பெயிண்ட் என்று நிலைக்கு நிலை பணம் கொடுத்தால் பாதியில் அடுத்த வீட்டு வேலைக்குப் போகமாட்டார்கள்.

நிறத்தை அட்டை பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். சிறிய சாம்பிள் வாங்கி 2 அடிக்கு 2 அடி அடித்து, காலை வெயிலிலும் இரவு டியூப்லைட்டிலும் பாருங்கள். அட்டையில் இளமஞ்சளாகத் தெரிந்தது நான்கு சுவரும் சேர்ந்தால் எலுமிச்சையாக மாறும். மனதில் இருப்பதைவிட ஒரு படி வெளிறியதை எடுப்பது நல்லது.

ஜன்னல் கம்பிகளுக்கு 80 எண் எமரித் தாளால் துருவை எடுத்து, ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கோட், எனாமல் இரண்டு கோட். துரு இருக்க மேலே அடித்தால் ஒரு மழைக்குத்தான் தாங்கும்.

சமையலறையும் திரையும்

கடப்பா கல் அலமாரி இருந்தால் அதை இடிக்காதீர்கள், அலுமினியச் சட்டத்தில் கதவு மட்டும் போட்டால் மாடுலர் கிச்சனின் தோற்றம் பெரும்பாலும் வந்துவிடும். பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே எம்டிஎஃப் (மர இழையை அழுத்திச் செய்த) பலகை வேண்டவே வேண்டாம், தண்ணீர் பட்டதும் ஊதிவிடும். குளியலறைக்கு பிவிசி கதவு. மரக்கதவு மழைக்காலத்தில் பிடித்தால் உடனே இழைக்காமல் வெயில் காலம்வரை பொறுங்கள். இல்லையென்றால் கோடையில் விரல் நுழையும் சந்து விழும்.

இடித்த வீட்டுச் சாமான் விற்கும் கடைகளில் தேக்குக் கதவு, ஜன்னல் கிடைக்கும். வாங்கும்முன் அடிப்பக்கத்தைத் தட்டிக் கரையான் அரித்த வெற்றுச் சத்தம் வருகிறதா என்று பாருங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் பழைய பொருள் பார்க்கப் போகலாம், ஆனால் அங்கே பழைமைக்குத் தனி விலை.

விளக்கில் செய்யும் சிறு மாற்றம் கண்ணுக்கு நிறையத் தெரியும். ஹாலிலும் படுக்கையறையிலும் 2700–3000 கெல்வின் மஞ்சள் ஒளி, சமையல் மேடைக்கு 4000-க்கு மேற்பட்ட வெள்ளை. நடுவில் ஒரே பெரிய விளக்குக்குப் பதில் சுவரோரம் இரண்டு சிறிய விளக்கு வைத்தால் சிறிய அறை அகலமாகத் தோன்றும்.

திரைத்துணியின் அகலம் ஜன்னலைப் போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு வேண்டும், இல்லையென்றால் பெட்ஷீட்டைக் கட்டித் தொங்கவிட்டதுபோல் இருக்கும். 4 அடி ஜன்னலுக்கு 54 அங்குல அகலத் துணியில் இரண்டு பகுதி. கம்பியை ஜன்னல் சட்டத்துக்கு அரையடி மேலே, இருபுறமும் அரையடி தள்ளிப் பொருத்துங்கள். திரை ஒதுங்கும்போது வெளிச்சம் முழுதாக வரும். கரூரில் ஏற்றுமதிக்கு நெய்து மிஞ்சிய துணி எடைக்கும் மீட்டருக்கும் மலிவாகக் கிடைக்கும். வாங்கியதும் தண்ணீரில் ஒருமுறை நனைத்துக் காயவைத்தே தைக்கக் கொடுங்கள், பருத்தி சுருங்கும். தரைக்கு பவானி ஜமக்காளமோ கோரைப்பாயோ போதும். செயற்கைக் கம்பளம் நம் ஊர் தூசிக்கும் வேர்வைக்கும் ஒத்துவராது.

வேலை முடிந்ததும் ஒவ்வொரு நிறத்திலும் அரை லிட்டரைச் சிறிய டப்பாவில் விளிம்புவரை ஊற்றி இறுக மூடி, மேலே நிற எண், அறையின் பெயர், தேதி எழுதி நிழலில் வையுங்கள். சோபா உரசிய இடத்தையும் ஆணி பிடுங்கிய ஓட்டையையும் அதை வைத்தே தொட்டுவிடலாம். காலியிடம் விட்டு மூடினால் ஆடை கட்டிக் கெட்டுப்போகும்.